வேடால், விளாப்பாக்கம்: சமணப் பெண்பள்ளி இருந்த இடத்தில் எதைக் காப்பது, எந்த எல்லை வரை?

எழுத்தாணி

வட தமிழகமான தொண்டை மண்டலத்தில் சமணப் பெண் துறவியரின் பள்ளி, அதாவது தங்கிக் கற்கும் மடம், இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று தெளிவாக உள்ள இரண்டு ஊர்களைப் பற்றிப் பேசலாம்.

முதலாவது வந்தவாசிப் பக்கம் உள்ள வேடால். பழைய பெயர் விடால். மாதேவி ஆரந்திமங்கலம் என்ற பெயரும் உண்டு. ஊரார் ஆண்டார் மடம் என்று சொல்லும் பாறைதான் இடம். இராசகேசரி என்ற பட்டம் கொண்ட சோழ அரசனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே உள்ளது. அந்த அரசன் முதலாம் ஆதித்த சோழன் என்று கொண்டால் கி.பி. 885 வாக்கில் வரும். குணகீர்த்தி பட்டாரர் என்ற சமண ஆசிரியரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியாரையும் (குரத்தி என்றால் சமணப் பெண் ஆசிரியர்) அவர் மாணாக்கியரையும் காத்து உணவு தருவோம் என்று அவ்வூரார் ஏற்றுக்கொண்ட செய்தி அதில் இருக்கிறது. ஐந்நூறு, நானூறு என்று இரண்டு எண்களும், இரு தரப்புக்கு இடையே எழுந்த பிணக்கும் அதில் வருகின்றன.

இரண்டாவது ஆற்காட்டுக்குத் தெற்கே விளாப்பாக்கம். முதலாம் பராந்தகனின் 38-ஆம் ஆண்டு, அதாவது 945 வாக்கு. திருப்பான்மலை அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தியார் ஒரு கிணறு தோண்டுகிறார். அந்தக் கிணறும் மனையும் பெண்பள்ளியாகின்றன. காக்கும் பொறுப்பு இருபத்து நால்வர் என்ற குழுவிடம் போகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பள்ளி என்றால் கல்வெட்டுள்ள பாறை மட்டும் அல்ல. குகைத்தளம், கிணறு, மனை, சோறு வந்த நிலம், பாறைக்கு ஏறும் வழி எல்லாம் சேர்ந்தது. நாம் காப்பது பெரும்பாலும் எழுத்துள்ள கல்லை மட்டும். மீதி எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டும்.

படியோலை

நல்ல தொடக்கம். காலம் பற்றி ஓர் எச்சரிக்கை. வேடால் கல்வெட்டில் மெய்க்கீர்த்தி (அரசனின் புகழ் சொல்லும் முன்னுரை) கிடையாது, இராசகேசரி என்ற பட்டப்பெயர் மட்டும்தான். கண்டராதித்தன், சுந்தர சோழன் இருவரும் இராசகேசரிகளே. முதலாம் ஆதித்தன் என்பது எழுத்தமைதியை வைத்துச் சொல்லப்படும் முடிவு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் 92-ஆம் எண்ணாக அச்சான வாசகத்தை அப்படித்தான் கொள்கிறோம். தகவல் பலகை எழுதும்போது "கி.பி. 885" என்று வெட்டிச் சொல்லாமல் "9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி" என்று போடுவதே நேர்மை. விளாப்பாக்கத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. மதுரை கொண்ட கோப்பரகேசரி என்ற அடைமொழியே ஆளைக் காட்டிவிடும்.

வேடாலில் பல்லவன் நந்திவர்மன் பெயர் சொல்லும் கல்வெட்டும் உண்டு. ஆகவே கனகவீரக் குரத்தியார் வந்து சேர்ந்தது ஏற்கெனவே நடந்துவந்த ஒரு பள்ளிக்கு. அவர் காலத்துப் பிணக்கையும் இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும்.

குரத்தியர் தனிப்பட்ட விதிவிலக்குகளும் அல்லர். கழுகுமலையில் திருமேனிகளுக்குக் கீழே உள்ள வட்டெழுத்துகளில் திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்திகள், நால்கூர்க் குரத்திகள், மம்மைக் குரத்திகள் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. சிதறால் மலையில், அன்று திருச்சாரணம், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் பொன்னணி கொடுத்திருக்கிறார். ஊர்ப்பெயரோடு சேர்ந்து வருவதால் அந்தந்த ஊரில் இவர்களுக்கு நிலையான இருப்பிடம் இருந்தது என்று கொள்ள இடம் உண்டு. ஆனால் "பெண்பள்ளி" என்று கல்வெட்டே பெயர் சொல்லும் இடம் விளாப்பாக்கம். அந்த ஒரு காரணத்துக்காகவே அதன் மதிப்பு தனி.

கலக்கணக்கு

ஐந்நூறும் நானூறும் பற்றிப் பல கட்டுரைகளில் "தொள்ளாயிரம் பேர் தங்கிய பெண் பல்கலைக்கழகம்" என்று எழுதுகிறார்கள். சோற்றுக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒருவருக்கு நாளுக்கு ஒரு வேளை, ஒரு நாழி அரிசி என்று வைத்துக்கொள்வோம். திகம்பரத் துறவியர் ஒரு வேளைதான் உண்பர். 900 நாழி அரிசி. ஒரு கலத்துக்கு 12 குறுணி, குறுணிக்கு 8 நாழி, ஆக கலம் 96 நாழி. 900 நாழி என்பது 9 கலத்துக்கு மேலே கொஞ்சம். ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற சோழர் காலக் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 23½ கலம் நெல். 360 நாளுக்கு ஏறக்குறைய 8,440 கலம். இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காவிரி நிலத்தின் காணிக்கடன் (நெல்லாகக் கட்டும் நிலவரி) வேலி என்ற நில அளவுக்குச் சுமார் 100 கலம். அந்த வளமான நிலத்திலேயே 84 வேலியின் கடன் முழுவதும் இந்தப் பள்ளிக்கே வர வேண்டும். இன்றைய கணக்கில் 560 ஏக்கர். வந்தவாசிப் பக்கம் ஏரிப் பாசனம், மழை பொய்த்தால் அதுவும் இல்லை.

இதையே மழைக்காலம் நான்கு மாதம் என்று மாற்றிப் போடுங்கள். 120 நாள், சுமார் 2,800 கலம், 28 வேலி. இது நம்பும்படியாக இருக்கிறது. சமணத் துறவியர் மழைக்காலத்தில்தான் ஓரிடத்தில் தங்குவர், மற்ற மாதங்களில் நடந்துகொண்டே இருப்பர். ஆண்டு முழுதும் தங்கியவர்கள் முதியவர்கள், நோயாளிகள், கற்பிப்பவர்கள் எனக் கொஞ்சம் பேராகத்தான் இருந்திருக்க முடியும்.

படியோலை

கணக்கு சரி. ஆனால் அந்த எண்கள் தங்கியிருந்தவர் தொகை என்று கொள்ளவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஐந்நூற்றுவர், நானூற்றுவர் என்பவை குழுப்பெயராகவும் இருக்கலாம். சோழர் கால ஊர்களில் எண்ணே சபையின் பெயராக நிற்பது வழக்கம். விளாப்பாக்கத்து இருபத்து நால்வரும் அப்படித்தான். யாருக்கும் யாருக்கும் பிணக்கு, அவர்கள் எல்லோரும் பெண்களா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: பிணக்கு வந்தபோது குரத்தியாரையும் மாணாக்கியரையும் காத்து ஊட்டும் பொறுப்பை ஒரு தரப்பார் எழுத்தில் ஏற்றார்கள், அதைப் பாறையில் வெட்டி வைத்தார்கள். ஒரு பெண் ஆசிரியரின் சோற்றுக்கு ஊர் கொடுத்த பிணைப்பத்திரம் அது. பல்கலைக்கழகம் என்று பெரிதாக்காமலேயே அது பெரிய செய்தி.

நிலஅளவை

எழுத்தாணி ஐயா கேட்ட எல்லைக் கேள்விக்கு வருகிறேன். சட்டத்தில் எல்லாமே எல்லைக்கோட்டிலிருந்துதான் தொடங்கும்.

தொல்லியல் சின்னங்களுக்கான மத்திய அரசின் 1958 சட்டம், 2010 திருத்தத்தோடு: காக்கப்பட்ட பகுதியின் விளிம்பிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. விளிம்பு எது என்பது அரசிதழ் அறிவிக்கையில் எழுதிய புல எண்ணை (சர்வே எண்) பொறுத்தது. "பாறையும் கல்வெட்டும்" என்று மட்டும் அறிவித்தால் 100 மீட்டர் பாறையிலிருந்து எண்ணப்படும். 150 மீட்டர் தள்ளிக் கீழே உள்ள பழங்கிணறு ஒழுங்குமுறைப் பகுதிக்குள்தான் விழும். அனுமதி பெற்றுக் கட்டிடம் எழுப்பலாம். கிணற்றின் புல எண்ணையும் அறிவிக்கையில் சேர்த்தால் கிணற்றின் விளிம்பிலிருந்து மறுபடி 100 மீட்டர் கிடைக்கும். இந்த ஒரு வரிதான் பள்ளியை முழுதாகக் காப்பதற்கும் பாறையை மட்டும் காப்பதற்கும் உள்ள வேறுபாடு.

செய்ய வேண்டியது:

முதலில் அந்த இடம் மத்தியத் தொல்லியல் துறையிடமா, மாநிலத் துறையிடமா, யாரிடமும் இல்லையா என்று அரசிதழ் அறிவிக்கையோடு உறுதி செய்யுங்கள். ஊரில் தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறது என்பது சான்று ஆகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் அறிவிக்கையின் நகலையும் அதோடு இணைந்த வரைபடத்தையும் கேளுங்கள். "இது பாதுகாக்கப்பட்டதா?" என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். நகல் என்று கேட்டால் புல எண் வரும்.

அடுத்து வருவாய்த் துறை இணையதளத்தில் அ-பதிவேடும் (நில வகை, உரிமையாளர் பட்டியல்) புலப்படமும் (நில வரைபடம்) எடுங்கள். பாறை பெரும்பாலும் மலைப் புறம்போக்கு, கரடு, கல்லாங்குத்து என்று ஏதோ ஒரு வகையில் பதிவாகி இருக்கும். கிணறு பட்டா நிலத்தில் இருக்கலாம். பட்டாதாரரிடம் முதலிலேயே பேசாமல் மனு போட்டால் அவர் எதிர்ப்பார், நியாயமாகவே எதிர்ப்பார். அறிவிக்கைக்கு முன் இரண்டு மாதம் ஆட்சேபம் கேட்கும் காலம் உண்டு. அதில்தான் பல முன்மொழிவுகள் நின்றுபோகின்றன.

மாநிலத்துக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. மத்தியச் சட்டத்தின் 100, 200 மீட்டர் விதி மாநிலச் சின்னத்துக்கும் தானாகவே பொருந்தும் என்று நினைத்து மனு எழுதாதீர்கள். எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்று முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

ஏரிக்கோடி

கிராம சபைத் தீர்மானம் போட்டால் உதவுமா சார்?

நிலஅளவை

வேடால் போன்ற ஊராட்சிகளில் உதவும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். தீர்மானத்தில் புல எண், பரப்பு, என்ன செய்யக்கூடாது என்பது மூன்றும் இருக்க வேண்டும். "நமது பாரம்பரியத்தைக் காப்போம்" என்று மட்டும் எழுதிய தீர்மானத்தை வைத்து எந்த அலுவலரும் எதுவும் செய்ய முடியாது. விளாப்பாக்கம் பேரூராட்சி, அங்கே கிராம சபை கிடையாது. மன்றத் தீர்மானம் வேண்டும்.

குன்றும் சுனையும் காடும் சேர்ந்த இடமென்றால் இன்னொரு வழியும் உண்டு. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் சமணக் கற்படுக்கை இருக்கிறது. தொல்லியல் சட்டம் கல்லைக் காக்கும், பல்லுயிர்ச் சட்டம் நிலப்பரப்பைக் காக்கும். எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆனால் யோசிக்கத் தக்கது.

நீர்வடி

கல் பற்றி எழுதுகிறேன். இந்தப் பகுதிப் பாறைகள் கடினமானவை, ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கியவை. அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் மனிதச் செயல்தான்.

நெருப்பு முதல் எதிரி. குகைத்தளத்துக்குள் சமைப்பது, குப்பை எரிப்பது, பாறை மேல் தீ மூட்டுவது. மேல்தோல் சூடேறி விரியும், உள்ளே குளிர்ந்தே இருக்கும். ஒரு விரல் கனத்துக்குப் பாறை செதில் செதிலாகப் பெயரும். எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஒரு செதில் போனால் இரண்டு வரி போய்விடும். புகைக்கரியைத் துடைக்கலாம், பெயர்ந்த செதிலை ஒட்ட முடியாது.

அடுத்தது எனாமல் பெயிண்ட். எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று நல்லெண்ணத்தில் வெள்ளை பூசுகிறார்கள். பூசியவர் தாம் படித்தபடிதான் பூசுவார். தவறாகப் படித்த எழுத்தே பிறகு நிரந்தரமாகிவிடும். பெயிண்டை எடுக்கக் கம்பித் தூரிகை, அமிலம், மணல் வீச்சு மூன்றையும் தொடவே கூடாது. இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களிலேயே மணல் வீச்சுக்குத் தடை உண்டு. தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்கள் வரும்வரை அப்படியே விடுங்கள். தாமதம் கல்லைக் கெடுக்காது.

மூன்றாவது இரும்பு. குகைத்தளத்துக்குக் கம்பிவேலி போடப் பாறையில் துளையிட்டு இரும்புக் கம்பி நட்டு சிமெண்ட் ஊற்றுவார்கள். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். சில ஆண்டுகளில் துளையிலிருந்து விரிசல் ஓடும். வேலி வேண்டுமென்றால் பாறைக்கு வெளியே மண்ணில் நிற்கும் தூண்கள், இல்லையேல் எடையால் நிற்கும் கல் பீடம். பாறையில் ஒரு துளை கூட வேண்டாம்.

செலவே இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குகைத்தளங்களின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் பக்கவாட்டில் வடிய நீர்வடி விளிம்பு வெட்டியிருப்பார்கள். அதில் மண்ணும் இலையும் அடைத்து, அரசங்கன்று முளைத்து, நீர் உள்ளே இறங்கத் தொடங்கும். ஐப்பசி மழைக்கு முன்னே ஒருமுறை கையாலும் தென்னந்துடைப்பத்தாலும் அதைச் சுத்தம் செய்தால் போதும். கடப்பாரை வேண்டாம். அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள், வேர் விரிசலுக்குள் இருந்தால் பாறையோடு வரும். அடியோடு அறுத்து, தளிர்க்கும்போதெல்லாம் மறுபடி அறுங்கள். காக்கப்பட்ட சின்னம் என்றால் இதையும் துறைக்கு எழுதிச் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

படியோலை

நீர்வடி சொன்னதோடு ஆவணப்படுத்தல் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டி தேய்ப்பது, கோதுமை மாவு தூவுவது, எண்ணெய் பூசுவது எல்லாம் வழக்கமாகிவிட்டது. மாவு எறும்பையும் பூஞ்சையையும் கொண்டுவரும். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கல்லைக் கறுப்பாக்கும்.

மைப்படி எடுக்கத் தெரிந்தவர் மட்டும் எடுக்கட்டும். கல்லைத் தண்ணீரும் மென்தூரிகையும் கொண்டு கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, தாள் அரை ஈரமாக இருக்கும்போதே மை ஒற்ற வேண்டும். தாள் அதிக ஈரமாக இருந்தால் மை ஊறிக் கல்லுக்குப் போய்விடும். முழுக்க உலர்ந்தால் தாள் எழும்பி எழுத்து பிறழும். தாள் கிழிந்த இடத்தில் மேலே இன்னொரு துண்டு ஒட்டிவிட்டுத்தான் மை தொட வேண்டும்.

தெரியாதவர்களுக்கு ஒளிப்படமே நல்லது. அந்தி மங்கியபின் ஒரு கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில், தளத்தோடு 10 முதல் 15 பாகைச் சாய்வில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் பாறையாகத் தெரிவதெல்லாம் எழுத்தாக எழும்பும். இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்து என நான்கு திசையிலும் எடுங்கள். ஒரே திசையில் எடுத்தால் அந்த வெளிச்சத்துக்கு இணையாக ஓடும் கோடுகள் மறைந்துவிடும். அளவுகோல் ஒன்று படத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். முப்பரிமாணப் பதிவுக்கு எடுப்பதானால் படத்துக்குப் படம் 70 முதல் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியட்டும்.

கிணற்றடி

விளாப்பாக்கத்தை எடுத்துக்கொண்டு நான் சொல்ல விரும்புவது கிணறு பற்றி. அந்தப் பள்ளியின் தொடக்கமே கிணறுதான். பட்டினிக் குரத்தியார் முதலில் தோண்டியது அதை. அந்தக் கிணறு எது என்று அடையாளம் காணாமல் ஊரில் உள்ள எந்தப் பழங்கிணற்றையும் தூர்வாரினால், ஒருவேளை அதுவாக இருந்தால், இழப்பு மீளாது. கிணற்றின் அடிச் சேற்றில் பானை ஓடு, விதை, மரத்துண்டு, எலும்பு எல்லாம் காற்றுப்படாமல் இருக்கும். துறவியர் என்ன பாத்திரத்தில் நீர் மொண்டார்கள், பக்கத்தில் என்ன பயிர் இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவை அவை மட்டும்தான். பொக்லைன் ஒரு முற்பகலில் அதைக் கலக்கிக் கரையில் கொட்டிவிடும்.

தண்ணீர்ப் பஞ்சத்தில் தூர்வாராதே என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. நடைமுறையில் முடிந்தது: கட்டுமானத்தின் செங்கல் அளவையும், உறை வளையமா கல்கட்டா என்பதையும் முதலில் படமெடுத்துப் பதியுங்கள். மேலே உள்ள அண்மைக்காலக் குப்பை, நெகிழி வரை எடுப்பதில் தவறில்லை. நெகிழி நின்று பானை ஓடு தொடங்கும் ஆழத்தில் வேலையை நிறுத்தி மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் அதற்குக் கீழே தோண்டுவது அகழாய்வாகிவிடும். நாணயமோ செப்புத் திருமேனியோ வந்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்; பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எதுவாக இருந்தாலும்.

ஏரிக்கோடி

இடத்தைக் கூகுள் வரைபடத்தில் குறித்துப் போட்டால் ஆள் நடமாட்டம் வரும், பாதுகாப்பு கூடும் என்கிறார்கள். உங்கள் கருத்து?

எழுத்தாணி

பாறைக் கல்வெட்டைக் குறிப்பதில் எனக்கு மறுப்பில்லை, அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தனியாகக் கிடக்கும் பலகைக்கல், சிறு திருமேனி, கிணறு, செங்கல் மேடு ஆகியவற்றைப் பொதுவெளியில் குறிக்கவே வேண்டாம். புதையல் தேடுபவர்கள் செங்கல் மேட்டைத்தான் முதலில் தோண்டுவார்கள்.

இன்னொன்று. வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பக்கத்தில் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கிறார்கள். இந்த இடங்கள் அவர்களுக்கு ஆய்வுப் பொருள் அல்ல, வழிபாட்டு மரபு. அவர்களை விட்டுவிட்டு எந்தப் பாதுகாப்புத் திட்டமும் போடக்கூடாது. அதேபோல் வழிபாட்டு வசதிக்காகக் குகைத்தளத்தில் சிமெண்ட் பூசி டைல்ஸ் பதிப்பதைத் தவிர்க்கும்படி அவர்களிடமே அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும். டைல்ஸுக்கு அடியில் கற்படுக்கையும் தலையணைத் திட்டும் போய்விட்டால், அந்தத் துறவியர் படுத்த இடமே போய்விட்டது என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். நடக்க வழுக்குகிறது என்றால் மரப்பலகை நடைபாதை, ஒட்டாமல் மேலே வைப்பது போதும்.

நிலஅளவை

கல்குவாரி பற்றி யாரும் பேசவில்லையே. இந்த வட்டாரத்தில் குன்றுகளுக்குப் பெரிய ஆபத்து அதுதான். குத்தகை புல எண் வாரியாகத்தான் கொடுக்கப்படும். விண்ணப்பம் வந்ததும் வட்டாட்சியரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் இட அறிக்கை கேட்பார்கள். "தொல்லியல் சின்னம் ஏதும் இல்லை" என்ற ஒரு வரி அந்த அறிக்கையில் போய்விட்டால் பிறகு நீதிமன்றம்தான் வழி. ஆகவே குத்தகை அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், கல்வெட்டு உள்ள புல எண்ணையும் சுற்றியுள்ள புல எண்களையும் பட்டியலிட்டு, அச்சான கல்வெட்டு வாசகத்தின் நகல், அளவுகோலோடு எடுத்த படம், புலப்படத்தில் குறித்த இடம் மூன்றையும் இணைத்து ஆட்சியர், வட்டாட்சியர், கனிமவளத் துறை உதவி இயக்குநர், தொல்லியல் துறை நால்வருக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் அந்தத் தாள் இருக்கும்போது "இல்லை" என்று எழுத எந்த அலுவலரும் தயங்குவார்.

வெடி வைப்பதில் கல் சிதறுவது மட்டும் ஆபத்தல்ல. அதிர்வில் ஏற்கெனவே விரிசல் உள்ள குகைக் கூரை இளகும். விரிசலின் இரு பக்கமும் பென்சில் புள்ளி வைத்து, இடைவெளியை நுண்ணளவியால் ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று அளந்து எழுதி வையுங்கள். வெயிலுக்கும் மழைக்கும் விரிசல் தானாகவே சற்று விரிந்து சுருங்கும், அதனால் ஒரே பருவத்து அளவுகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

நீர்வடி

பென்சில் புள்ளி ஒரே மழையில் போய்விடும். பாறையில் எதையும் ஒட்டாமல் இருக்க, புள்ளிக்குப் பதில் இயற்கையாகவே உள்ள இரண்டு படிகத் துகள்களைத் தேர்ந்து, நெருக்கப் படத்தில் அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யார் அளந்தாலும் அதே இரண்டு துகள்களுக்கு இடையே அளக்கலாம்.